அலர்ட் வருது, டொர்னாடோ வரல!

கேள்வி: என் பொண்ணு டெக்சாஸ்ல டாலஸ் பக்கம் இருக்கா. ஏப்ரல், மே வந்தா போதும், ஃபோன்ல டொர்னாடோ அலர்ட் அலறுதாம், குழந்தையத் தூக்கிட்டு பாத்ரூம்ல போய் உக்காந்தா ஒண்ணுமே வர்றதில்லையாம். இவ்ளோ சேட்டிலைட், ரேடார் வச்சும் ஒழுங்கா சொல்ல முடியாதா? இனிமே கண்டுக்கப் போறதில்லைங்கிறா.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த முடிவ மட்டும் மாத்திக்கச் சொல்லுங்கம்மா. எரிச்சல் நியாயம்தான், அங்க குடுக்குற டொர்னாடோ வார்னிங்ல பத்துக்கு ஏழு சும்மாதான் போகுது. நம்ம வங்கக்கடல் புயல்னா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள் கணக்கா நகர்ந்து வரும், சேட்டிலைட்ல பாத்துட்டே இருக்கலாம், டொர்னாடோங்கிறது இடிமேகத்துல இருந்து தரைக்கு இறங்குற சுழல்காத்து, பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது, பத்து நிமிஷத்துல ஆயுசே முடிஞ்சிரும்.

மெக்சிகோ வளைகுடாவுல இருந்து கீழ ஈரக்காத்து, மேல காஞ்ச குளிர்காத்து, உயரம் போகப்போக திசையும் வேகமும் மாறுற காத்து, இதெல்லாம் கூடுற நாள ஓக்லஹோமா நார்மன்ல இருக்குற புயல் கணிப்பு மையம் சில நாள் முன்னாடியே சொல்லிருது. எந்த மேகம் டொர்னாடோவ இறக்கும்ங்கிறதுலதான் சிக்கல். சூப்பர்செல்னு சொல்ற சுழல்ற இடிமேகத்துல பெரும்பாலானது இறக்குறதே இல்ல, பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு நிக்கும், ஒண்ணு இறக்கும் ஒண்ணு சும்மா போயிரும், ஏன்னு விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுசா பிடிபடல. ரேடாரும் பூமி வளைவால 100 கிலோமீட்டர் தள்ளி இருக்குற மேகத்தோட ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலதான் பாக்கும், தரைக்கிட்ட நடக்குறது தெரியாது.

தப்பே வராம சொல்றது ரொம்ப ஈசி, தெரியுமா? 1884ல ஃபின்லேன்னு ஒரு அமெரிக்க ராணுவக்காரர் டொர்னாடோ வருமா வராதான்னு கணிச்சு 2803ல 96.6 சதவீதம் சரின்னு காட்டினாரு. கில்பர்ட்னு ஒரு ஜியாலஜிஸ்ட் கணக்குப் போட்டுப் பாத்தாரு, எல்லாத்துக்கும் கண்ண மூடிட்டு 'வராது'ன்னு சொல்லிருந்தா 98.2 சதவீதம்! மார்க்கு ஜாஸ்தி, யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அதான் இப்ப சந்தேகம் வந்தாலே அலர்ட் அடிச்சிடுறாங்க.

2011 மே 22, மிசௌரி மாநிலம் ஜாப்ளின். டொர்னாடோ ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே சைரன் அடிச்சாச்சு, ஆனா அடிக்கடி கேட்டுப் பழகின ஜனங்க நிறைய பேரு டிவி போட்டு, வாசல்ல எட்டிப் பாத்து உறுதி பண்ணிட்டுதான் நகந்தாங்கன்னு அரசு அறிக்கையே சொல்லுது. செத்தவங்க 150க்கும் மேல.

பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க, 'வாட்ச்'னு வந்தா காத்தும் மேகமும் தோதா இருக்கு, உஷாரா இருன்னு அர்த்தம், 'வார்னிங்'னு வந்தா ரேடார்ல மேகம் சுழல்றதயோ, கண்ணால டொர்னாடோவயோ பாத்துட்டாங்க, உடனே ஜன்னல் இல்லாத, கீழ்த்தள உள்ரூமுக்குப் போகணும். டாலஸ்லயே 2019 அக்டோபர் 20, ஞாயித்துக்கிழமை ராத்திரி டொர்னாடோ வீடுகளப் பிச்சுப் போட்டுச்சு, உயிர் போகாதது பெரிய விஷயம்.

கேள்வி: டொர்னாடோவத் துரத்திட்டு கார்ல போறாங்களே, ரிஸ்க் இல்லையா?
- ஒரு மாணவர், மதுரை

பதில்: அப்படித் துரத்துறவங்கள்ல நிதானமான ஆள்னு பேர் வாங்கின டிம் சமாராஸ்கூட 2013 மே 31 அன்னிக்கு ஓக்லஹோமா எல் ரெனோவுல மகனோடயும் கூட்டாளியோடயும் மாட்டி இறந்துட்டாரு. அந்த டொர்னாடோ திடீர்னு பாதை மாறி, 4 கிலோமீட்டருக்கு மேல விரிஞ்சிருச்சு. வீடியோ பாருங்க தம்பி, போதும்.