போர்க் சாப்ஸ் (எலும்போடு வெட்டிய பன்றிக்கறித் துண்டு) கிரில் செய்தால் மேலே கருகி உள்ளே சப்பென்று இருக்கிறதே, ஏன்?
ராத்திரி முழுக்க ஊறவைத்தும் காரம் ஏறவில்லை என்கிறீர்கள். மிளகாயும் மிளகும் கறிக்குள் பெரிதாக இறங்காது, இறங்குவது உப்புதான். ஒரு அங்குலக் கனத்தில் எலும்போடு வெட்டித் தரச் சொல்லி, உப்பு மட்டும் தடவி ஒரு மணி நேரம் வையுங்கள். அப்புறம் நிறத்துக்கு பேடகி, காரத்துக்கு குண்டூர் மிளகாய், பூண்டு, மிளகு, எண்ணெய் சேர்த்து அரைத்த விழுது. புளிப்புக்கு, பெங்களூரில் கூர்க் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிற கச்சம்புளி, கருப்பாகக் கெட்டியாக இருக்குமே ஒரு பழ வினிகர், அது ஒரு ஸ்பூன் போதும். புளிப்பில் அதிகம் ஊறினால் கறியின் மேல்பக்கம் கொழகொழத்துவிடும். தேன், வெல்லம் எல்லாம் கடைசி நிமிடத்தில்தான், முன்பே தடவினால் கருகும். கரியை ஒருபக்கம் ஒதுக்கி, அனலில் இருபுறமும் சிவக்கவிட்டு, கரி இல்லாத பக்கம் நகர்த்துங்கள். உள்ளே 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்து 3 நிமிடம் விட்டு வெட்டுங்கள். நடுவில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால் பரவாயில்லை.