ஒகினாவா கராத்தே: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

கோஜு-ரியூ என்ற ஒகினாவா கராத்தே மரபில் பயின்று, இப்போது சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் இந்தப் பதில்களைத் தருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஏழு வயது மகனின் தாய்: எங்கள் பகுதியில் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. ஒன்று ‘ஒகினாவா பாரம்பரியம்’ என்கிறது, மற்றது போட்டிக்குத் தயார் செய்கிறது. உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

உண்டு. ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்து, 1879-இல் ஜப்பானின் மாகாணமாக்கப்பட்ட தீவுக்கூட்டம்தான் ஒகினாவா. அங்கே ஷுரி, நாஹா, தொமாரி ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றி கராத்தே வளர்ந்தது. 1922-இல் ஃபுனாகோஷி கிச்சின் அதைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனார். அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் கையில் கால்நிலைகள் அகன்றன, எதிராளியோடு இருக்கும் தூரம் கூடியது, பிறகு புள்ளிப் போட்டியும் வந்தது. ஒகினாவாவில் பெரும்பாலும் உயரமான, இயல்பான நிலைகள்தான். எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். காக்கியே என்ற பயிற்சியில் இருவரும் மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிவைத்துத் தள்ளியும் இழுத்தும் பழகுவார்கள். எதிராளி எப்போது பலம் கொடுக்கிறான் என்பது கண்ணுக்கு முன் தோலுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் வாசல் பலகையில் ‘ஒகினாவா’ என்று எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்து வயது மகனின் தந்தை: எட்டு மாதமாக ஒரே கட்டாவை, அதாவது வரிசைப்படுத்திய ஒரே அசைவுத் தொகுப்பை, செய்கிறான். சலிப்பாக இருக்கிறது என்கிறான். மாஸ்டருக்கு வேறு தெரியாதோ?

தெரிந்திருக்கும், கொடுக்க மனமில்லாமல் இருக்கும். நாஹா மரபின் ஹிகாஒன்னா கான்ரியோ, சான்சின் என்ற ஒரே கட்டாவை ஆண்டுக்கணக்கில் பழகவைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். சான்சினைப் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடப்பதாகத் தோன்றாது. கால்விரல்கள் உள்நோக்கித் திரும்பியிருக்க, பிறை வடிவில் பாதத்தை இழுத்து மெல்ல மெல்லச் சில அடிகள், மூச்சோடு இணைந்த குத்துகள், அவ்வளவுதான். ஆசிரியர் பின்னால் வந்து தோள், விலா, தொடை என்று தட்டிப் பார்ப்பார். எங்கே தளர்ச்சி, எங்கே வேண்டாத இறுக்கம் என்பது அவர் கைக்குத் தெரியும். பெரியவர்களிடம் தட்டு பலமாகவே விழும். சிறுவர்களிடம் அப்படிச் செய்யக் கூடாது, மூச்சை அடக்கி உடலை முறுக்கவும் விடக் கூடாது.

இதனால்தான் ஹிகாஒன்னாவின் சீடர் மியாகி சோஜுன் 1940-இல் இளைஞர்களும் எளிதில் கற்கக் கூடிய கெகிசாய் கட்டாவை உருவாக்கினார். அதன் தொடக்கத்தைப் பாருங்கள்: முகத்துக்கு வரும் அடியைக் கை உயர்த்தித் தடுத்தல், ஓர் அடி முன்வைத்து முகத்துக்கு ஒரு குத்து, பின்வாங்கி அகன்று அமர்ந்து கீழ்த் தடுப்பு. மூன்றே அசைவுகள். ஒரு துணையை எதிரே நிறுத்தி, “இப்போது அவன் குத்துகிறான், தடு” என்று செய்யவைத்தால் பிள்ளையின் முகமே மாறிவிடும். உங்கள் மகன் எட்டு மாதமும் வெற்றுக் காற்றில் மட்டுமே செய்திருந்தால் குறை கட்டாவில் இல்லை. “இந்த அசைவு எதற்கு?” என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் அந்தக் கேள்விக்கு மகிழ்வார்.

ஒரு தந்தை: பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பது வயதில் கருப்பு பெல்ட் வாங்கிவிட்டான். என் மகள் மூன்று ஆண்டாகப் பச்சையிலேயே நிற்கிறாள்.

வாழ்த்துகள், உங்கள் மகளுக்கு. கருப்பு பெல்ட்டுக்குரிய டான் தரவரிசையே ஜூடோவிலிருந்து கராத்தேக்கு இரவலாக வந்தது. மியாகி சோஜுன் 1953-இல் இறக்கும்வரை தம் மாணவர் யாருக்கும் டான் பட்டம் வழங்கவில்லை. பெல்ட் பிள்ளைகளுக்கு உற்சாகம் தரும், அதை மறுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டணம் என்றால் அது வியாபாரம்.

பதின்மூன்று வயது மாணவன்: மகிவாராவை அடித்தால் கை இரும்பாகிவிடுமா? வீட்டில் ஒன்று செய்துகொள்ளலாமா?

வேண்டாம், தம்பி. தரையில் நட்ட பலகையின் தலையில் வைக்கோல் கயிறு சுற்றியதுதான் மகிவாரா. அடித்தால் அது வளைந்து கொடுக்க வேண்டும். சுவரில் அடித்த கட்டை மகிவாரா ஆகாது. உனக்கு எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. விளிம்பை விரல் நுனியால் பிடித்துத் தூக்கும் ஜாடியான நிகிரி-காமே, கைப்பிடி செருகிய கல்லான சீ-இஷி போன்றவற்றையும் மாஸ்டர் எதிரில்தான், அவர் சொல்லும் எடையில்தான் தொட வேண்டும். தண்டாலை ஒழுங்காக எடு. பலருக்கு அதுவே சரியாக வருவதில்லை.

ஒரு ஆசிரியை: பள்ளியில் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் அடிதடியில் இறங்கமாட்டார்களா?

1901-இல் ஷுரியில் கராத்தேயைத் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் இதோசு அன்கோ. மாணவர்களுக்காகப் பினான் என்ற ஐந்து கட்டாக்களையும் தொகுத்தார். 1908-இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதிய பத்து அறிவுரைகளில், முரடனோ திருடனோ எதிர்ப்பட்டாலும் மோதலைத் தவிர்க்கவே பார்க்க வேண்டும் என்கிறார். தினம் ஓரிரு மணி நேரம் பழகினாலே மூன்று நான்கு ஆண்டில்தான் உடல் மாறும் என்றும் சொல்கிறார். அதே கடிதத்தில், சிறு வயதில் பழகினால் பிற்காலத்தில் இராணுவத்துக்கு உதவும் என்ற வாதமும் இருக்கிறது. அது அந்தக் காலத்து ஜப்பான். அதை மறைத்துவிட்டு வெறும் அன்பு நெறியாகக் காட்டுவது சரியல்ல.

வகுப்பறை அனுபவத்தில் சொல்கிறேன்: அடிக்கத் துடிக்கும் பிள்ளை, துணையின் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் கையை நிறுத்தப் பழகும்போதுதான் அடங்குகிறான். சொற்பொழிவு கேட்டு அடங்குவதில்லை.

இன்னொருவர்: படிப்பில் கவனம் கூடுமா?

மதிப்பெண்ணுக்கு நான் உறுதி தரமாட்டேன்.

கல்லூரி மாணவி: ஒகினாவாக் கராத்தே போட்டிக்கு உதவாது என்கிறார்களே?

கியூனா ரியோ 2021 ஆகஸ்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டா தங்கம் வென்றவர். ஒகினாவாவைச் சேர்ந்த ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ரியூஎய்-ரியூ என்ற ஒகினாவா மரபில் வந்தவர். மேடையில் மறைந்த தாயின் படத்தை ஏந்தி நின்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை. ஒகினாவாவின் டோஜோ என்ற பயிற்சிக்கூடங்களில் எண்பது வயதைத் தொட்டவர்களும் பழகுகிறார்கள், பதக்கம் எதற்கும் இல்லாமல்.

ஒரு தாய்: சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

முன்கூட்டிச் சொல்லாமல் போய் முழு வகுப்பும் உட்காருங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் ஈரத்துணியால் தரை துடைக்கும் பழக்கம் இருந்தால், துடைப்பவர்களில் மூத்த மாணவர்களும் இருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி வரிசையில் தடுமாறும் பிள்ளையிடம் மாஸ்டர் எத்தனை முறை போகிறார் என்று எண்ணுங்கள். அப்புறம் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.