பகல் கனவு காணும் பையனைக் கப்பலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப். போன வருடம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து அவனுக்குக் கப்பல் பைத்தியம். புத்தகத்தை விரித்துவைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எந்தக் கப்பல் எந்தக் கடலில் போகிறது என்று போனில் பார்க்கிறான். அரையாண்டில் கணக்கு மார்க் இறங்கிவிட்டது. ‘பகல் கனவு காண்கிறவன் எங்கே உருப்படப் போகிறான்’ என்று அவன் அப்பா சத்தம் போடுகிறார். ஐந்து லட்சம் கட்டினால் நேராகக் கப்பலில் ஏற்றிவிடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். என்ன செய்வது?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: அம்மா, அந்த ஏஜென்ட்டிடம் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பையனைப் பார்ப்போம்.

பகல் கனவை ஏதோ வியாதி மாதிரி நினைக்க வேண்டாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்தார்கள்: இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், மனசு அதில்தான் இருக்கிறதா? 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதம் மனசு வேறெங்கோ இருந்தது. மாவு அரைக்கும்போது நீங்கள், வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவன் அப்பா, எல்லோரும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆனால் மனசு அலையும்போது அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் அலைவதெல்லாம் நல்லது என்று நானும் சொல்லமாட்டேன். எதைச் சுற்றி அலைகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மகன் மனசு ஒரு வருடமாக ஒரே விஷயத்தைச் சுற்றுகிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ‘எது பிடிக்கும்?’ என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், அதட்டாமல், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “கப்பலை நினைக்கும்போது நீ எங்கே நிற்கிறாய்?”

மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நின்று கப்பலை ஓட்டுகிறேன் என்றால் அது நாட்டிகல் சயின்ஸ். கீழே இன்ஜின் பக்கம் மனசு போனால் மரைன் இன்ஜினியரிங். இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மிதக்கிறது, அதை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று யோசிக்கிறான் என்றால் கப்பல் கட்டுமானப் படிப்பு. அதற்கு ஐஐடி மெட்ராஸில் ஓஷன் இன்ஜினியரிங் துறையே இருக்கிறது, கடலுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளை யூனிபார்ம்தான் கண்ணில் தெரிகிறது என்றால் கடற்படை, கடலோரக் காவல்படை பற்றியும் பேசலாம். ‘வீட்டை விட்டு எங்கேயாவது போனால் போதும்’ என்று பதில் வந்தால் படிப்புப் பேச்சை நிறுத்திவிடுங்கள். வீட்டிலோ பள்ளியிலோ அவனை எது விரட்டுகிறது என்று விசாரியுங்கள். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியிருந்தாலும் அப்படித்தான். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இனி அவன் அப்பா சொல்வதற்கு வருவோம். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஜெர்மனியில் கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியல் பேராசிரியர், வேலை தேடத் தொடங்கிய பட்டதாரிகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். வந்த வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கற்பனையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் உடம்புக்கு எழுந்து நடக்கத் தோன்றாது. அதற்காக அவர் கனவை விடச் சொல்லவில்லை. ஆசைப்பட்டதை முழுசாக நினைத்துப் பார், உடனே அதற்குக் குறுக்கே நிற்பது என்ன என்பதையும் அதே அளவு தெளிவாக நினைத்துப் பார் என்றார். அப்படிச் செய்தவர்கள், நடக்கக்கூடிய விஷயமென்றால் அதிக மும்முரமாக இறங்கினார்கள். நடக்காது என்று தெரிந்தவர்கள் வீணாக இழுக்காமல் விட்டுவிட்டார்கள். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் ரொம்பப் பிடிக்கும். ‘கனவை விடாதே’ என்று மேடையில் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அதனால் உங்கள் மகனின் கனவில் இல்லாத பகுதியை அவனுக்குக் காட்டுங்கள். கப்பலை ஓட்டும் ‘டெக்’ பிரிவில் பயிற்சிக்கு ஏறும் கேடட் முதல் நாளே ஸ்டியரிங் பிடிப்பதில்லை. உச்சி வெயிலில் இரும்புத் தளத்தில் உட்கார்ந்து சுத்தியலால் துருவைத் தட்டுவான், பெயின்ட் அடிப்பான், சரக்கு இறக்கிய அறையைக் கூட்டிக் கழுவுவான். இன்ஜின் பக்கம் போனால் 40 டிகிரிக்கு மேல் சூடு, காதடைக்கும் சத்தம். வாட்ச் என்கிற காவல் முறை நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, திரும்ப நாலு மணி நேரம் என்று ஓடும். ‘பன்னிரண்டு-நாலு’ வாட்ச் கிடைத்தவனுக்கு நள்ளிரவில்தான் விடியும். ஒரு தடவை ஏறினால் பல மாதம் கழித்துத்தான் வீடு. தீபாவளி, தங்கச்சி கல்யாணம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. இதையெல்லாம் என் வாயால் கேட்பதைவிட, லீவில் ஊருக்கு வந்திருக்கும் கப்பல்காரர் ஒருவரிடம் அவன் நேரில் கேட்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. நீங்கள் கூடப் போகலாம், கேள்வியை அவனே கேட்கட்டும். முன்பின் தெரியாத பெரியவரிடம் போய், “அண்ணே, இதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?” என்று கேட்க ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு நிஜமாகவே தைரியம் வேண்டும்.

அதைவிடப் பெரிய தைரியம் ஒன்று இருக்கிறது. இந்த வாரமே அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா சோதனைதான், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ராத்திரியில் ஒரு கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். எதிரே தெரிவது சிவப்பா பச்சையா என்பதை வைத்துத்தான் அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது, யார் ஒதுங்க வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். அதனால் நிறக்குருடு இருந்தால் டெக் கிடையாது, இன்ஜின் பக்கமும் கிடையாது. கண்ணாடி போட்டிருந்தாலும் டெக் பக்கம் சிக்கல்தான், இன்ஜின் பக்கம் ஓரளவுக்கு அனுமதி உண்டு. ஆண்களில் நிறக்குறைபாடு ஒன்றும் அபூர்வமில்லை, நூற்றில் சிலருக்கு இருக்கும். இருக்கிறவனுக்கே அது தெரியாமலும் இருக்கும். பணம் கட்டிப் படித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிவது மேல். ‘வேண்டாம், ஏதாவது வந்துவிட்டால்?’ என்று பையன் தயங்கலாம். கனவை உடைத்துவிடக்கூடிய சோதனைக்குத் தானே போய் உட்காருகிறவன் அங்கேயே ஒரு படி வளர்ந்துவிடுகிறான்.

சோதனையில் தகுதி இல்லை என்று வந்தால்? அப்துல் கலாம் பெயரைச் சொல்லி எல்லோரும் கனவு காணச் சொல்கிறார்கள். அவருடைய முதல் கனவு போர் விமானம் ஓட்டுவது என்பதைச் சொல்வதில்லை. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர், இடம் எட்டு, அவர் ஒன்பதாவதாக வந்தார். மனம் உடைந்துபோனார். ஆனால் அதே பயணத்தில் டெல்லியில் இறங்கி, பாதுகாப்புத் துறையில் விமானத் தொழில்நுட்ப வேலை ஒன்றுக்கும் நேர்முகத்தேர்வு கொடுத்துவிட்டுத்தான் டேராடூன் போயிருந்தார். அந்த வேலை கிடைத்தது, 1958-ல் சேர்ந்தார். விமானி இடம் போனது, விமானம் போகவில்லை. உங்கள் மகனுக்கும் அப்படி இரண்டாவது விண்ணப்பம் ஒன்று கையில் இருக்க வேண்டும். கப்பல் கட்டுமானம், துறைமுகம், சரக்குப் போக்குவரத்து என்று கரையிலேயே எத்தனையோ வேலை இருக்கிறது.

சரி, கண் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது கணக்கு. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அது நடத்தும் ஐஎம்யூ சிஇடி நுழைவுத்தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்து 60 சதவீதம், அதாவது 300-க்கு 180 வேண்டும். ஆங்கிலத்தில் 50 சதவீதம். பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் மூன்று வருடம், பி.டெக். மரைன் நாலு வருடம். டிஎன்எஸ் என்ற ஒரு வருட டிப்ளமோ முடித்தால் 18 மாதம் கேடட்டாகக் கடலில் இருந்துவிட்டு ‘செகண்ட் மேட்’ என்ற கப்பல் அதிகாரிக்கான தேர்வு எழுதலாம். ஒரு எச்சரிக்கை: படிப்பை முடித்தும் ஏறக் கப்பல் கிடைக்காமல் காத்திருக்கும் பையன்கள் நிறைய. அதனால் கப்பல் கம்பெனிகளின் ஸ்பான்சர்ஷிப் தேர்வுகளுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கட்டும். படிப்பு முடிந்ததும் தங்கள் கப்பலில் ஏற்றிக்கொள்வதாகக் கம்பெனி தரும் ஸ்பான்சர்ஷிப் கடிதம் கையில் இல்லாமல் தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் ரொம்ப யோசியுங்கள்.

கடலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடப் பழகும்போது முக்கோணவியலைத்தான் பிழிந்தெடுப்பார்கள். இதைப் பையனிடம் சொல்லுங்கள், இப்போது வெறுப்பாகத் தெரியும் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி தெரியலாம். நடுவில் மனசு கப்பலுக்கு ஓடினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும். ‘கப்பல் நினைப்பு வந்தால் நோட்டு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, கையிலிருக்கும் கணக்கை முடிப்பேன்’ என்று எழுதி மேஜையில் ஒட்டிக்கொண்டால் போதும். ‘இது வந்தால் இதைச் செய்வேன்’ என்று திட்டமிடுகிறவர்கள், ‘ஒழுங்காகப் படிப்பேன்’ என்று பொதுவாகச் சபதம் எடுப்பவர்களைவிட நன்றாகக் கடைப்பிடிக்கிறார்கள். கப்பல் பார்க்கும் ஆப்பை அழிக்கச் சொல்லாதீர்கள். ராத்திரி படித்து முடித்த பிறகு அரை மணி நேரம் பார்க்கட்டும்.

இப்போது அந்த ஏஜென்ட். அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகளும் சிடிசி என்கிற கடலோடிப் புத்தகமும் இல்லாமல் வணிகக் கப்பலில் யாரையும் முறைப்படி வேலைக்கு ஏற்ற முடியாது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் இருக்க வேண்டும். டிஜி ஷிப்பிங் என்று எல்லோரும் சொல்லும் மத்திய அரசு அலுவலகத்தின் இணையதளத்தில் உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது, பையனையே தேடச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவர்கள்கூட வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. அப்படியிருக்க, ஐந்து லட்சம் கேட்கிறவர் எப்படிப்பட்டவர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்த பத்தாயிரத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் பேசிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். பதினைந்து நாளில் வரவில்லை என்றால் அந்தக் காகிதங்களோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பையனின் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் ஒரிஜினல் எதையாவது அவரிடம் கொடுத்திருந்தால் பணத்துக்கு முன்னால் அவற்றை வாங்கிவிடுங்கள்.