தேனீக்குப் பின்னால் டிரோனை அனுப்பலாமா?

கேள்வி: சில தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். தேனீக்கள் எந்தப் பக்கம் மேயப் போகின்றன என்று தெரிந்தால், பெட்டிகளை அதற்கேற்ப இடம் மாற்றலாம். தேனீ முதுகில் குட்டி ரேடியோ கருவி ஒட்டி, டிரோனால் பின்தொடரலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சிக்கல் எடையில் இருக்கிறது. வேலைக்காரத் தேனீயின் எடையே சுமார் 100 மில்லிகிராம். தானாகச் சிக்னல் அனுப்பும் கருவிக்கு பேட்டரியும் ஆன்டெனாவும் வேண்டும். பூச்சி ஆய்வுகளில் பயன்பட்ட அத்தகைய கருவிகள் பெரும்பாலும் 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருந்தவை. அதைத் தூக்கிக்கொண்டு தேனீ மேயப் போகாது. பெரிய குளவிகளால் முடியும். 2020-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஆசியப் பெருங்குளவியின் உடலில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, மரப்பொந்தில் இருந்த கூட்டைக் கண்டுபிடித்தார்கள்.

தேனீ தாங்கக்கூடியது பேட்டரியே இல்லாத, சில மில்லிகிராம் எடையுள்ள ஆர்எஃப்ஐடி சில்லு; படிக்கும் கருவி (ரீடர்) அருகில் வந்தால் தன் அடையாள எண்ணைச் சொல்லும். ஆனால் சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் அதைப் படிக்க முடியும். பெட்டி வாசலில் ரீடர் வைத்தால், எந்தத் தேனீ எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்பியது என்று சொல்லும். எங்கே போனது என்று சொல்லாது. 1990-களில் வந்த ஹார்மோனிக் ரேடார், தேனீ மேல் ஒட்டிய சிறு ஆன்டெனா திருப்பியனுப்பும் அலையைப் பிடித்து, பாதையையே காட்டும். ஆனால் மரங்கள் மறைக்காத திறந்தவெளியில், சில நூறு மீட்டர் வரைதான். ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு துண்டை ஒட்டி டிரோன் கேமராவால் தொடரும் முயற்சி இன்னும் ஆய்வாளர்கள் கையில்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தேவையான தகவல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நல்ல மேய்ச்சலைக் கண்டு திரும்பும் தேனீ, அடையின் மேல் ஆடிக் காட்டும். ஆஸ்திரியாவில் பிறந்த விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ் இந்த ஆட்டத்தின் பொருளைப் படித்தறிந்தார். 1973-இல் நோபல் பரிசு பெற்றார். கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டி ஒன்று இருந்தால் நீங்களும் பார்க்கலாம். ஆடும் தேனீ வயிற்றை இடதும் வலதுமாகப் படபடவென்று ஆட்டியபடி நேராக ஓடும். பிறகு ஒருமுறை வலப்பக்கம், மறுமுறை இடப்பக்கம் வளைந்து, கிளம்பிய இடத்துக்கே வரும். நான்கைந்து தேனீக்கள் உணர்கொம்பை நீட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஒட்டி நடக்கும்.

அந்த நேர் ஓட்டத்தை போனில் வீடியோ எடுங்கள். செங்குத்தாக மேல்நோக்கி ஓடினால், சூரியன் இருக்கும் திசையிலேயே பூ இருக்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து 20 பாகை வலப்பக்கம் சாய்ந்தால், அந்த நேரத்துச் சூரிய திசையிலிருந்து 20 பாகை வலப்பக்கம். வயிற்றை ஆட்டும் நேரம் தூரத்தைச் சொல்லும்: ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தேனீ இனத்துக்கு ஏற்ப இது மாறும். ஒரே ஓட்டத்தை நம்பிவிடாதீர்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் பிசகும். ஒரே தேனீயின் பத்துப் பதினைந்து ஓட்டங்களுக்குச் சராசரி எடுங்கள். மிக அருகில் பூ இருந்தால் இந்த நேர் ஓட்டம் தெளிவாகத் தெரியாது.

சரி, டிரோன் எதற்கு? வரைபடத்தில் இடத்தைக் குறித்த பிறகு, அங்கே என்ன பூத்திருக்கிறது என்று மேலிருந்து பார்க்க. சாதாரண கேமரா டிரோனே போதும், அனுமதி விதிகளை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிகளுக்கு அருகிலிருந்து கிளப்ப வேண்டாம். காலை, மதியம் இரண்டு வேளையும் ஆட்டத்தைப் பாருங்கள். பல செடிகள் குறிப்பிட்ட நேரத்தில்தான் பூந்தேன் சுரக்கும், அதனால் திசை நாளுக்குள்ளேயே மாறலாம். இரண்டு வாரம் பார்த்த பிறகு பெட்டிகளை நகர்த்துவது பற்றி முடிவெடுங்கள்.