நாவலில் வருவதுபோல் தூங்கி எழுந்தால் எல்லாம் மறந்துபோகுமா?

எஸ். ஜே. வாட்சன் எழுதிய 'பிஃபோர் ஐ கோ டு ஸ்லீப்' (2011) நாவலில், பக்கத்தில் படுத்திருப்பவர் யாரென்றே தெரியாமல்தான் கிறிஸ்டின் தினமும் கண்விழிக்கிறாள். ஒளித்துவைத்த நாட்குறிப்புதான் அவளுக்கு நேற்று.

புது நினைவுகள் பதியாமல் போவதை 'முன்னோக்கு மறதி' என்கிறார்கள். நடந்ததை நீண்டகால நினைவாக மாற்ற உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி பழுதானால் இது வரும். மளிகைக் கடையில் வியாபாரம் நடக்கிறது, ஆனால் பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளை மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பக்கங்கள் பெரும்பாலும் பத்திரம். இன்றைய பக்கம் காலி.

அமெரிக்காவின் ஹென்றி மொலைசனுக்கு 1953இல் வலிப்புக்காக நடந்த மூளை அறுவைக்குப் பிறகு இப்படித்தான் ஆனது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முன்பு வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை! கைப்பழக்கம் பதியும் இடம் வேறு.

சரி, நாவலில் எது கற்பனை? நினைவு ஒரு பகல் முழுக்கத் தங்கி, தூங்கியதும் அழிவது. நிஜத்தில் கவனம் வேறுபக்கம் திரும்பினாலே சில நிமிடங்களில் போய்விடும். தூக்கம் நினைவைப் பதியவைக்கத்தான் உதவுகிறது.

அப்புறம், தலையில் இன்னொரு அடி பட்டால் ஞாபகம் திரும்பும் என்பதும் சினிமாதான், பாதிப்புதான் கூடும்.