ஹெலிகாப்டர் ஆசைக்கு நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம்

அரக்கோணத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ கணிதப் பிரிவு முடித்திருக்கிறான். அங்குள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர்கள் மேல் சிறுவயதிலிருந்தே அவனுக்குப் பைத்தியம். தாய்மாமன் உடனே ஒரு தனியார் கல்லூரியில் ஏரோநாட்டிகல் பி.இ. சீட் பேசிவிட்டார். அதற்காகச் சோளிங்கர் பக்கத்து நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று அந்தத் தாய் கேட்கிறார்.

வைக்காதீர்கள் அம்மா. மிக்ஸியைக் கழற்றினால் எந்த ஸ்குரு எங்கே இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்வான் என்கிறீர்கள். அந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் அதற்கான வாசல் ஏரோநாட்டிகல் வகுப்பில் இல்லை. அங்கே பெரும்பாலும் காற்றியக்கக் கணக்கும் வடிவமைப்பும்தான்.

மீட்பு ஹெலிகாப்டர் பறப்பதே உதிரி பாகங்களின் கணக்கில்தான். ரோட்டார் பிளேடு, கியர் பாக்ஸ் என முக்கியமான பாகங்களுக்கு இத்தனை மணி நேரம் என்று ஆயுள் உண்டு. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் நேரம் முடிந்தால் கழற்றியாக வேண்டும். ரப்பர் சீல் ஸ்டோரில் சும்மா கிடந்தாலே காலாவதியாகும். ஆளைத் தூக்கும் வின்ச் கேபிளில் ஓர் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடல் உப்பைக் கழுவ வேண்டும். சேத்தக் ஹெலிகாப்டர் பிரெஞ்சுக்காரர்களின் பழைய வடிவமைப்பு, 1960-களிலிருந்து பெங்களூருவின் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். தயாரித்தது. அதற்கான பாகம் கடையில் கிடைக்காது, யாராவது செய்து, அளந்து, சோதித்துத் தர வேண்டும். 2025 ஜனவரியில் குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்தது. ரோட்டார் பிளேடுகளின் சாய்வை மாற்றும் ஸ்வாஷ்பிளேட் என்ற பாகம் முறிந்ததன் மேல் சந்தேகம் விழ, துருவ் ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன.

இப்படிப்பட்ட பாகங்களைச் சோதிப்பதுதான் நான் சொல்லும் வேலை. பாகத்தின் மேல் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கோடாக எழும். அல்ட்ராசானிக், எடி கரன்ட், எக்ஸ்ரே எல்லாம் இதே குடும்பம், பாகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் இவற்றை மொத்தமாக என்.டி.டி. என்பார்கள். கூடவே நுட்பமாக அளக்கும் சி.எம்.எம். மெஷினில் அளவெடுக்கவும், சீரியல் நம்பரோடு பாகத்தின் வரலாற்றை எழுதவும் தெரிய வேண்டும். எழுத்துவேலை அலுப்பாகத் தெரியும். உங்கள் பையனுக்கு அலுக்காது.

வழி இதோ. வேலூர் தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. பிளஸ் டூ முடித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கட்டணம் மாமா பேசிய தொகைக்குப் பக்கத்திலேயே வராது. முடித்ததும் எச்.ஏ.எல். போன்ற இடத்தில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ். காட்பாடியிலிருந்து பெங்களூரு சில மணி நேரம்தான். அப்ரண்டிஸ் நிரந்தர வேலை ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என்.டி.டி. லெவல் 2 சான்றிதழோடு வருபவனுக்கு, பாகம் செய்து கொடுக்கும் பெங்களூரு, ஓசூர் பட்டறைகளிலும் கதவு திறக்கும். முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்து யாராவது ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியர் படிப்பு என்பார்கள். அந்த லைசென்ஸ் சிவில் விமானங்களைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. தருவது, ராணுவம் அல்லாத விமானத் துறைக்கானது. ராணுவ ஹெலிகாப்டருக்குத் தகுதிச் சான்று தருவது செமிலாக், தரம் பார்ப்பது டி.ஜி.ஏ.க்யூ.ஏ., இரண்டுமே பாதுகாப்புத் துறை அமைப்புகள். லட்சங்களைக் கட்டி வேறு வாசலில் போய் நிற்பானேன்?

பி.இ. வேண்டுமென்று பிறகு அவனுக்கே தோன்றினால், டிப்ளமோவிலிருந்து நேரடி இரண்டாம் ஆண்டு இருக்கிறது. இப்போதைக்கு உங்கள் தம்பியிடம் சீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடுங்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.