கல்யாணச் சோறு தின்ற ஆடுகள் படுத்துவிட்டன, என்ன செய்வது?

கேள்வி: பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொட்டகை ஓரம் வைத்திருந்தோம். ராத்திரி ஆடுகள் அதில் வாய் வைத்துவிட்டன. காலையில் ஒரு கிடா செத்துக் கிடந்தது. இரண்டு பெட்டை ஆடுகள் அசை போடாமல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருக்கின்றன. வயிறு உப்புசம் என்று நல்லெண்ணெய் ஊற்றியும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் 1962க்குப் போன் போட்டு கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது உங்கள் ஊர் கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள். மற்றதை அவர் வருவதற்குள் பார்ப்போம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது அமில நோய். அரிசிச் சோறு பெருவயிற்றில் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிவிடுகிறது. உடம்பில் உள்ள தண்ணீரை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் கண் குழி விழும், ஆடு தள்ளாடும், புளித்த வாடையோடு கழியும். எண்ணெய் நுரையை உடைக்கும், அவ்வளவுதான். அமிலத்தை ஒன்றும் செய்யாது.

இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்திப் பாருங்கள். காற்று உப்புசம் என்றால் பள்ளம் மேடாகி, தட்டினால் டம்டம் என்று கேட்கும். சோறு தின்ற ஆட்டில் பிசைந்த மாவு மாதிரி கை பதியும், நேரம் ஆக ஆக உள்ளே தண்ணீர் தளும்பும். நல்ல ஆட்டின் வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை கையைத் தள்ளும். இதில் அந்த அசைவே இருக்காது.

சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா, எடையில் கிலோவுக்கு 1 கிராம் கணக்கு. 20 கிலோ ஆட்டுக்கு நாலு தேக்கரண்டி, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தலையை மேலே அண்ணாத்திப் பிடிக்காதீர்கள், புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். தலை தூக்க முடியாமல் கிடக்கும் ஆட்டுக்கு வாய் வழியே எதுவும் வேண்டாம். வயிறு ஏற்கெனவே விறைத்து உப்பியிருந்தாலும் சோடா தராதீர்கள், அது இன்னும் காற்றைக் கிளப்பும். அடுத்த வேளை மருந்தும், குளுக்கோஸ், வைட்டமின் பி1 ஊசியும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

ஆடு தேறத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளைக்குக் காய்ந்த தீவனமும் கொஞ்சம் வேப்பந்தழையும் போதும். தவிடு, தானியம், கஞ்சி கண்ணிலேயே காட்டாதீர்கள். சிலர் அறுத்த நல்ல ஆட்டின் பெருவயிற்றுச் சாறை வடிகட்டிச் சூடு ஆறுமுன் புகட்டுவார்கள். அது நல்ல வைத்தியம்தான், அமிலத்தால் செத்துப்போன செரிமான நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதியவை வந்து சேரும். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். சில நாள் கழித்து ஆடு நொண்டினால் குளம்பைப் பாருங்கள், இந்த நோய் குளம்பையும் பிடிக்கும்.

அப்புறம், செத்த கிடாவை உடனே புதைக்காதீர்கள். மாவுச்சத்து அளவுக்கு மிஞ்சினால் துள்ளுமாரி நோயும் (குடலில் கிருமி பெருகி நஞ்சாவது) வரும், ராத்திரியோடு ராத்திரியாக உயிரை எடுத்துவிடும். மருத்துவர் அறுத்துப் பார்த்துச் சொல்லட்டும். துள்ளுமாரிதான் என்றால் மற்ற ஆடுகளுக்குத் தடுப்பூசி எப்போது போடுவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.